வரைகிற பிள்ளைக்கு ஓர் ஏணி

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் கடைசியாக வண்டியைத் தொடுகிறவர் பெயிண்டர். தகடும் பலகையும் பொருத்தி முடித்த லாரியின் நெற்றியில் சாமி பெயரும் பக்கவாட்டில் பூவும் கொடியும் ஒரு காலத்தில் தூரிகையால் மட்டுமே வந்தன. இன்று பல பட்டறைகள் ஸ்டிக்கர் கட்டிங் கடைக்குப் போகின்றன. அங்கே ஒரு பையன் கோரல்டிராவில் எழுத்தை வளைத்து, வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகிறான். அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். எங்கள் மாவட்டத்தின் முதல் கணினி வரைகலைப் பள்ளிக்கூடம் இப்படிப்பட்ட கடைதான். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் முச்சக்கர வண்டிக்கும் தனியார் பேருந்துக்கும் படம் ஒட்டுகிறவர்களுக்கும் இதே வகைக் கடைகள்தான் ஆசான்.

இரண்டு ஊர்களுக்கும் இதைவிட ஆழமான ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் பரீட்சையை நம்பி வாழ்கிற ஊர்கள். நாமக்கல் என்றால் கோழிப்பண்ணைக்கு அடுத்தபடியாக விடுதிப் பள்ளிகள் நினைவுக்கு வரும். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, மாநில ரேங்க் எடுக்க வைத்த பள்ளிகள் இவை. 2017இல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்திய பிறகும் அந்தப் பழக்கம் மனத்தை விட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலும் பள்ளி விட்டால் ரியூசன். கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா என்ற கேள்வியிலேயே ஒரு பிள்ளையின் இளமை கழிந்துவிடுகிறது. இந்த இரண்டு சமவெளிகளிலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிற பிள்ளை என்ன ஆகிறாள்? கணினி வரைகலை, அசைவூட்டம், மெய்நிகர் உலக வடிவமைப்பு ஆகியவற்றை இரு நாடுகளும் கற்பிக்கும் முறையை இந்தக் கேள்வியோடுதான் ஒப்பிட வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் இலங்கை நம்மை முந்தி நிற்கிறது. அங்கே ஆறாம் தரத்திலிருந்து அழகியல் பாடமொன்றைப் பிள்ளை படித்தே ஆக வேண்டும். சித்திரத்தைத் தேர்ந்தெடுத்தவள் க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் அதையே பொதுப் பரீட்சைப் பாடமாக எழுதலாம். வரைந்து காட்டவும் வேண்டும், கலை வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைச் சாதாரண தரத்தில் எடுப்பவர்களுக்குப் பல்லூடகமும் பாடத்தில் வருகிறது. தமிழ்மொழிப் பாடநூலை அரசே இலவசமாகத் தருகிறது. 2017இல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உறுதிக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் வரைகலை வடிவமைப்பும் ஒரு பாடம். ஆசிரியரும் கணினியும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்கின்றன என்று சொல்ல வரவில்லை. ஆனால் வரைவதை மதிப்பெண் உள்ள படிப்பாக அரசு ஏற்றிருக்கிறது. பரீட்சையை நம்பும் ஊரில் இந்த ஏற்பு சின்ன விஷயம் அல்ல. பெற்றோர் முன் பிள்ளை நிமிர்ந்து நிற்க அதுவே துணை.

நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்த மோகனூர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) ஓவியராகவும் பிழைத்தவர். அவர் பிறந்த மாவட்டத்தில் ஓவியம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இல்லை. 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தது. ஓவிய ஆசிரியருக்கு நம் கல்வி கொடுத்த இடம் அந்தப் ‘பகுதிநேரம்’ என்ற சொல்லிலேயே தெரிகிறது. கணினிப் பாடத்தின் கதை வேறு. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பல்லூடகத்தோடு பேஜ்மேக்கர் கற்பிக்கப்படுகிறது. அடோபி நிறுவனம் அந்த மென்பொருளை மேம்படுத்துவதை 2004லேயே நிறுத்திவிட்டது. கருவியைப் பாடமாக வைத்தால் கருவி சாகும்போது பாடமும் சாகிறது. பார்வையையும் கையையும் பழக்குகிற பாடத்துக்கு அந்தக் கதி வராது.

பள்ளியைத் தாண்டினால் தராசு நம் பக்கம் சாய்கிறது. எங்களுக்கு 50 கிலோமீட்டரில் சேலம். அங்கே 1930களில் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாகக் கொடுத்தது அந்த ஸ்டூடியோ. சினிமா நுட்பத்தைச் சென்னைக்கு வெளியே, இந்தச் சமவெளியிலேயே ஒரு தலைமுறை வேலை பார்த்துக் கற்றது. பிறகு சென்னையின் பென்டாஃபோர் நிறுவனத்தில் உருவான ‘சிந்துபாத்’ முழுக்க மோஷன் கேப்ச்சரில் எடுத்த படமாக 2000இல் வந்தது. 2014இல் ‘கோச்சடையான்’. இலங்கையில் கமிலஸ் பெரேராவின் கேலிச்சித்திர நாயகன் கஜமன், அந்நாட்டின் முதல் முழுநீள 3டி அசைவூட்டப் படத்தில் திரைக்கு வர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழில் பெரிதாக உள்ள இடத்தில் பயிற்சியும் பெருகும். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் அசைவூட்டத்துக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் பயிற்சி மையங்கள் நகரம்தோறும் இருக்கின்றன.

அந்த மையங்களில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்கிறார்கள். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் கட்டணம் அது. பாடத்திட்டம் வேலையைப் பார்த்து அமைகிறது. வெளிநாட்டுப் படங்களுக்காக இங்கே வரும் முதல் நிலை வேலைகள் ரோட்டோ, வயர் அழிப்பு, பெயிண்ட். உருவத்தின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டியெடுக்கும் பொறுமையான வேலை. அதற்கு வேண்டிய மென்பொருளைச் சில மாதத்தில் பழக்கிவிடலாம். கதையும் உடற்கூறும் ஒளியும் தெரியாமலே ஒருவன் வேலைக்குப் போய்விடலாம். 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். பொத்தான் அழுத்தத் தெரிந்தவருக்கு அடுத்த வாசல் சுலபத்தில் திறக்காது. இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறை இந்த இடத்தில் நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. தொழிற்பயிற்சியில் சேர்ந்தவர் நிலை நிலையாக ஏறி, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் வரை போகலாம். பல்லூடகத்துக்கும் வலைத் தொழினுட்பத்துக்கும் அங்கே பட்டப்படிப்பு உண்டு. நம் ஐ.டி.ஐ.க்களுக்கும் மல்டிமீடியா அசைவூட்டப் பிரிவு உண்டு. அதை முடித்த பிள்ளை பட்டம் வரை ஏறிப்போகும் வழி இவ்வளவு தெளிவாக இல்லை.

ஆக, அவர்களிடம் ஏணியின் கீழ்ப்படிகள் இருக்கின்றன, மேலே வேலை குறைவு. நம்மிடம் மேலே மாடி இருக்கிறது, கீழ்ப்படிகள் இல்லை. கீழ்ப்படி என்று நான் சொல்வது பெரிய செலவுள்ள ஒன்றல்ல. நாமக்கல் கோழி நடப்பதை ஒரு மணி நேரம் பாருங்கள். தலையை முன்னே நீட்டி அப்படியே நிறுத்தும். உடல் நகர்ந்து தலைக்கடியில் வந்து சேரும். பிறகு தலை மறுபடி நீளும். இதை நொடிக்கு 24 படமாகப் பென்சிலில் வரைந்து பார்த்த பிள்ளைக்குக் கீஃபிரேம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரி பிரேக் போடும்போது முன்பக்கம் எப்படி அமிழ்கிறது, காலி லாரி எப்படித் துள்ளுகிறது என்று வரைந்தவள் எடை என்பதைப் புரிந்துகொண்டாள். ஊஞ்சல் ஓரத்துக்குப் போகப் போகத் தயங்குவதைத் தமிழில் பேசி விளங்கிக்கொண்ட பின், அதற்கு மென்பொருளில் உள்ள ஆங்கிலப் பெயர் வெறும் பெயர்தான். தாய்மொழியில் காரணத்தைச் சொல்லி, அதன்பிறகு கருவியின் சொல்லைத் தருவதுதான் சரியான வரிசை.

கருவிக்குப் பணம் இல்லையே என்பார்கள். 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. இரவெல்லாம் ரெண்டர் ஓட விடுகிற வேலைக்கு அது பேரிடி. டாலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது மாதச் சந்தா மென்பொருள்கள் எட்டாமல் போயின. அந்த நெருக்கடியிலும் கைவிடாத ஒன்று, 2002 முதல் திறந்த மூலமாக இருக்கும் 3டி மென்பொருளான பிளெண்டர். 2025இல் ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ முழுக்க அதில் செய்யப்பட்டது. பிரான்ஸும் பெல்ஜியமும் கைகொடுத்தன என்பது உண்மைதான். ஆனால் லாட்வியாவின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. 2011 கணக்கில் நாமக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 17 லட்சத்து 26 ஆயிரம். இந்த இரண்டு எண்களையும் நம் பள்ளி நிர்வாகிகள் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மெய்நிகர் வடிவமைப்பில் இரு நாடுகளும் இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் சேர்ந்தே தொடங்கலாம். 2015இல் ஸ்டீவன் லாவல் சென்னை ஐ.ஐ.டி.யில் எடுத்த மெய்நிகர் உண்மைப் பாடம் என்.பி.டெல் வழியாக யாருக்கும் இலவசம். யாழ்ப்பாணத்திலிருந்தும் பார்க்கலாம். தலைக்கவசத்துக்குள் நொடிக்கு 24 படம் போதாது. 72, 90 என்று ஓடாவிட்டால் அணிந்தவருக்குத் தலைசுற்றும். இங்கே பார்வையாளர் எந்தப் பக்கமும் திரும்புவார், எனவே வடிவமைப்பவர் மனித உடலைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சிக்கு விஷயம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியை எப்படி நிறுத்துவது என்று ஓட்டுநருக்குக் காட்டும் காட்சியை நாமக்கல் மாணவர்களைவிட யார் சரியாக அமைக்க முடியும்? கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத வன்னி மண்ணில், ஆபத்தான நிலத்தை அடையாளம் காணப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் காட்சியை அந்த மண்ணின் மாணவர்கள் செய்யட்டும். இரண்டுக்கும் தமிழிலேயே குரல் கொடுக்கலாம்.

நாமக்கல்லின் நரசிம்மர் குடைவரைக் கோயிலுக்குள் போனால் வராகரும் திரிவிக்கிரமரும் பாறையிலேயே அசையத் தயாராக நிற்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுச் சிற்பி தூக்கிய காலின் எடையை இடுப்பில் காட்டியிருக்கிறான். எங்கள் விடுதிப் பள்ளிகள் வாரத்தில் இரண்டு மணி நேரத்தை மாதிரித் தேர்விலிருந்து எடுத்து, பிள்ளைகளை ஒரு நோட்டோடும் பென்சிலோடும் அங்கே உட்கார வைக்கட்டும். அரசு, இலங்கையைப் பார்த்து, அந்த இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பெண் கொடுக்கட்டும். கணினி அறைக்கு அதன் பிறகு போகலாம்.