பறவைகளின் நாளைய வீடு – ஒரு நூலைப் பற்றி

ஸ்காட்லாந்தின் பைன் காடுகளில் ஒரு சிறு பறவை வாழ்கிறது. அதன் அலகின் இரு பாதிகளும் நேராகப் பொருந்துவதில்லை. நுனியில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். பைன் காயின் செதிள்களை நெம்பி, உள்ளே ஒளிந்திருக்கும் விதையை எடுத்துத் தின்பதற்கு ஏற்ற அமைப்பு இது. குறுக்கலகுக் குருவி என்று இதை அழைக்கலாம். ஸ்காட்லாந்துக்கே உரிய இனம் இது.

பூமி வெப்பமடைந்து வரும் இந்நூற்றாண்டின் இறுதியில் இக்குருவிக்கு ஏற்ற தட்பவெப்பம் எங்கே இருக்கும்? 2007-ஆம் ஆண்டில் ஹன்ட்லி, கிரீன், காலிங்ஹாம், வில்லிஸ் ஆகிய நால்வர் வெளியிட்ட ஐரோப்பியப் பறவைகளின் தட்பவெப்ப நிலப்பட நூல் இதற்கு விடை கூறுகிறது: ஐஸ்லாந்து! ஆனால் அந்தத் தீவில் காடு என்பது மொத்த நிலப்பரப்பில் சுமார் 2 விழுக்காடுதான். அதிலும் பெரும்பகுதி பர்ச் மரங்கள். பைன் விதையை நம்பி வாழும் குருவி அங்கே போய் எதைத் தின்னும்?

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நூலைப் பார்ப்போம்.

ஆசிரியர்கள் கையாண்ட முறை எளியது. ஐரோப்பாவை 50 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து, எந்தச் சதுரத்தில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்று முன்பே கணக்கெடுத்திருந்தார்கள். குளிர்காலக் கடுமை, ஆண்டு முழுவதும் கிடைக்கும் வெப்பம், மண்ணின் ஈரம் ஆகிய மூன்றோடும் அந்தக் கணக்கை இவர்கள் பொருத்தினார்கள். பிறகு, வருங்காலத்தில் இம்மூன்றும் எங்கெங்கே அமையும் என்று பார்த்துப் புதிய படம் வரைந்தார்கள். சராசரிப் பறவையின் வாழிடப் பரப்பு வடகிழக்காக ஏறத்தாழ 550 கிலோமீட்டர் நகரக்கூடும். பரப்பும் ஐந்தில் ஒரு பங்கு குறையக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இது வீண் உழைப்பு அன்று. எந்தப் பறவைகளுக்குப் பரப்பு கூடும் என்று இம்முறை காட்டியதோ, அவை பெருகி வருவதையும், குறையும் என்று காட்டியவை குன்றி வருவதையும் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே வெப்பத்தின் கை பறவைகளின் மீது பட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஆனால் எவ்வளவு தூரம் நகர்ந்தன? 2020-இல் வெளிவந்த இரண்டாவது ஐரோப்பியப் பறவை நிலப்பட நூல், சுமார் 30 ஆண்டுகளில் பறவைகளின் பரப்பு சராசரியாக 28 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்ததாகக் கூறுகிறது. ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வெப்பம் இன்னும் முழுதாக ஏறிவிடவில்லை என்பது உண்மை. எனினும், ஏற்ற தட்பவெப்பம் ஓரிடத்தில் அமைந்துவிட்டால் மட்டும் பறவை அங்கே குடியேறிவிடாது என்பதை இந்தச் சிறிய எண் நினைவூட்டுகிறது.

வானம்பாடியைப் பாருங்கள். பிரிட்டனில் 1970-களுக்குப் பிறகு இதன் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. காரணம் வயலில் இருக்கிறது. முன்பு வசந்த காலத்தில் விதைத்த தானியத்தை இப்போது இலையுதிர் காலத்திலேயே விதைக்கிறார்கள். எனவே கூடு கட்டும் பருவத்தில் பயிர் உயர்ந்து அடர்ந்துவிடுகிறது. குளிர்காலத்தில் சிந்திய மணி பொறுக்க அறுவடைத் தாள் நிற்கும் வயலும் இல்லை. இந்த மாற்றத்தை வெப்பமானி காட்டாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. நம் வயல்வெளிகளில் நீங்கள் காணும் சின்ன வெள்ளைக் கொக்கு, 1996-இல் இங்கிலாந்தின் டார்செட் கடலோரத்திலுள்ள பிரவுன்சீ தீவில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது. குளிர்காலம் மென்மையானது ஒரு காரணம். தொப்பிகளில் செருகும் இறகுக்காக ஐரோப்பாவில் கொக்குகளைக் கொன்று குவித்த வணிகம் ஒழிந்தது மற்றொரு காரணம். சட்டமும் தட்பவெப்பமும் சேர்ந்தே அந்தப் பறவையை வடக்கே கொண்டு சென்றன.

ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தங்கள் படங்கள் வாழத் தகுதியுள்ள பரப்பையே காட்டுகின்றன என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். குறை எங்கே என்றால், அந்த எச்சரிக்கை எழுத்தில் இருக்கிறது. படம் வண்ணத்தில் இருக்கிறது. படிப்பவர் கண் வண்ணத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு பறவையின் படத்தருகிலும் அதன் உணவும், அது கூடு கட்டும் மரமும் நாளை எங்கே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நூலின் பயன் இரட்டிப்பாகியிருக்கும்.

இது வெறும் ஏட்டுத் தகராறு அன்று. 'எப்படியும் போகப்போகிற பறவைக்கு இங்கே எதற்குக் காடு?' என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் கையில் இத்தகைய படம் ஒரு சாக்காகிவிடக் கூடாது. உண்மையில் பறவை தப்பிப் பிழைக்கவும், புதிய இடம் தேடிப் புறப்படவும், இன்றிருக்கும் காடுதான் அதற்குக் கைமுதல்.

நம் நாட்டுப் பறவைகளுக்கும் இவ்வகைப் படங்கள் வரையப்பட்டு வருகின்றன. நாளை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், தள்ளிவிடாதீர்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அங்கே பறவைக்கு இரை உண்டா? கூடு கட்ட இடம் உண்டா? அது அங்கே போய்ச் சேர வழி உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே, அந்த வண்ணத்தைப் பறவையின் வீடு என்று சொல்லலாம்.