முல்லைப்பாட்டில் எழுதா ஓலை

போர்க்களத்திலிருந்து காதலிக்குக் கடிதம் எழுதும் வீரனின் உருவம் இன்றைய மாணவர்க்குப் புதியதன்று. திரைப்படமும் மேனாட்டுக் கதைகளும் அதனைப் பலகாலும் காட்டியுள்ளன. அவ்வுருவத்தை மனத்திற் கொண்டே அவர்கள் முல்லைப்பாட்டிற்குள் நுழைகின்றனர். பாசறையில் அரசன் தேவியை நினைந்து உறக்கமின்றிக் கிடந்தான் என்று விடை எழுதுகின்றனர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மாலை வகுப்பு நடத்தும் தமிழாசிரியர் ஒருவர் அவ்விடைக்கு முழு மதிப்பெண் வழங்குவாராயின் அவரைக் குறை கூறுதல் எளிதன்று. அத்துணை இயல்பாகத் தோன்றும் விடை அது. ஆயினும் பாட்டில் அச்செய்தி இல்லை.

பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். அவர் காட்டும் பாசறையில் ஆள் நெருக்கத்திற்குக் குறைவில்லை. வடமொழிச் சொற்களைக் கூறி யானைக்குக் கவளம் ஊட்டும் இளைஞர், இடையில் வாள் கட்டி விளக்கேற்றும் மகளிர், நாழிகை அளந்து சொல்வோர், சட்டையணிந்த யவனர் எனப் பலரும் உளர். பள்ளியறையின் பக்கத்தே காவல் நிற்போர் மட்டும் வாய் பேசாத மிலேச்சர். மெய்யாலன்றி மொழியாற் பேச இயலாதவர்.

அவ்வறையில் அரசன் உறங்கவில்லை. போர்மேற் சென்ற விருப்பினால் உறக்கம் வரவில்லை என்றே பாட்டுக் கூறுகிறது. அவன் நினைப்பனவும் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளன: வேல் பாய்ந்து புண்பட்டுத் தம் பிடிகளை மறந்த யானைகள்; உண்ட சோற்றுக்குக் கடன் கழித்து மாண்ட மறவர்; அம்பு தைத்துச் செவி சாய்த்து, உணவு கொள்ளாது வருந்தும் குதிரைகள். ஒரு கை படுக்கைமேல் இருக்க, ஒரு கை தலையைத் தாங்க, நெடுநேரம் எண்ணுகிறான். தேவியின் கண்ணோ கூந்தலோ சொல்லோ அங்கு ஓரிடத்தும் வரவில்லை. நக்கீரரின் நெடுநல்வாடையிலும் இதுவே நிலை. அங்கும் அரசன் நள்ளிரவில் வாடைக்காற்றினூடே புண்பட்ட வீரரைக் கண்டு திரிகிறான். மனைவியை நினைந்தான் என்ற சொல் இல்லை.

அங்ஙனமாயின் காதல் எங்கே? பிடியை மறந்த களிற்றில் இருக்கிறது. புண்பட்ட யானையைச் சொல்ல வந்த புலவர்க்கு அதன் பிடிக்கூட்டத்தை இழுத்துச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. மனைவியை விட்டு வந்தவன் காதில்தான் அவ்வடை சுடும். மாணவர் எழுதும் விடை பொய் என்பதன்று. புலவர் யானையிடம் ஒப்படைத்ததை அவ்விடை பறித்து அரசன் வாயில் வைத்துவிடுகிறது.

மனையில் இருப்பவளை அடுத்துக் காண்க. நெடிது நினைத்தல் என்னும் அதே தொழிலைப் புலவர் அவட்கும் கொடுக்கிறார். அவன் கண்ணியைத் திருத்துகிறான். அவள் கழலும் வளையைத் திருத்துகிறாள். கூரையினின்று விழும் மழைநீரின் ஒலியைக் கேட்டபடி அவள் கிடக்க, அவள் செவி நிறையக் குதிரைகளின் குரல் வருகிறது. பாசறையில் செவி சாய்த்து நின்றவை குதிரைகள். இங்கு நிறைவது இவள் செவி. இருவரிடையே ஓலையும் இல்லை, தூதனும் இல்லை. (சிலப்பதிகாரத்து மாதவி கோவலனுக்கு இருமுறை திருமுகம் விடுத்தாள், எழுதியவள் பெண், பிரிவிற்குக் காரணம் போரன்று.) இங்கு எண்ணமும் கைத்தொழிலும் ஒலியுமே ஓலையாகி நிற்கின்றன.

இது அளவுகடந்து நுணுகிய நோக்கு என்பார் உளராகலாம். அவர்கள் பாட்டின் வைப்புமுறையைக் கருதுதல் வேண்டும். முதலில் மனை, பின்னர்ப் பாசறை, மீண்டும் மனை. நச்சினார்க்கினியர் இவ்வடிகளைப் பலவாறு பிரித்து மாற்றிக் கூட்டிப் பொருள் உரைத்தார். அம்முறையை மறுத்து, பாட்டு நின்றவாறே பொருள் கொள்ளவேண்டும் என்று மறைமலையடிகள் 1903இல் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் வாதிட்டார். உரையாசிரியரின் புலமையை ஐயுறுவார் இலர். ஆனால் அவர் வழியே செல்லின், அவன் நினைவின் அருகே அவள் நினைவு நிற்கும் நெருக்கம் கலைந்துபோகிறது. இவ்வகையில் அடிகளாரின் பக்கமே வலியது.

மெய்யாக எழுதப்பட்ட போர்க்களக் கடிதங்களும் இவ்வடக்கத்தையே காட்டுகின்றன. 1914, 1915ஆம் ஆண்டுகளில் பிரான்சில் போரிட்ட இந்தியப் படைஞரின் கடிதங்களைத் தணிக்கையாளர் பிரித்துப் படித்தனர். அவர்கள் பெயர்த்தெழுதிய பகுதிகள் இலண்டனில் உள்ளன. எழுதத் தெரியாதவர் பலர் பிறரைக்கொண்டு எழுதுவித்தனர். ஊரிலும் அதனை ஒருவர் உரக்கப் படிக்க, வீடே கூடிக் கேட்டது. அத்தனை செவிகளுக்கு நடுவே காதலை எவன் எழுதுவான்? இந்தியப் படைஞரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் மறைமொழியாகக் குறித்தோர் உண்டு. பிடியை மறந்த களிறும் அத்தகைய மறைமொழியே போலும்.

மலாயாத் தமிழர்க்கு அக்கடிதமும் கிட்டாத காலம் ஒன்று இருந்தது. 1942 சனவரி 11இல் கோலாலம்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. 1945 வரை தமிழகத்தோடு அஞ்சல் தொடர்பு அறுந்து கிடந்தது. ஊரில் மனைவியை விட்டு வந்தவன் உயிரோடிருப்பதைச் சொல்லவும் வழியில்லை. அவ்விடைக்காலத்தில்தான் தோட்டங்களினின்றும் நகரங்களினின்றும் தமிழ் இளைஞர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸ் மாணவர்க்கு முல்லைப்பாட்டை விளக்க ஆசிரியர் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. அவர்தம் முப்பாட்டியர் காலத்து மலாயாவே போதும்.

அக்காலத்தை வைத்து ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' 1959இல் நூலாயிற்று. செல்லையா அப்படையில் அதிகாரியாக இருந்தவன். பினாங்கில் மரகதம் அவனுக்காகக் காத்திருப்பவள். இங்குப் படைவீரன் மீண்டு வருகிறான். ஆயினும் துப்பாக்கி ஏந்திப் பழகிய அவன் வட்டித்தொழிலுக்கு இனி ஆகான் என்று கருதுகிறார் பெண்ணின் தந்தை. மரகதம் அவனுக்கு இல்லை என்றாகிறது. முல்லையின் இலக்கணப்படி எல்லாம் நடந்தது: அவள் ஆற்றியிருந்தாள், அவன் வினைமுடித்து வந்தான். மனையின் கதவுதான் திறக்கவில்லை.

நப்பூதனார் தம் அரசனையும் தேவியையும் நேரிற் கூட்டவில்லை என்பதையும் ஈண்டு எண்ணவேண்டும். தேர் வாயிலை அடைந்ததாகவோ, அவள் எழுந்து நோக்கியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. பாட்டின் இறுதிச் சொல் தேரில் பூட்டிய குதிரையைக் குறிப்பது. அதன் குரல் அவள் செவியில் நிறைந்த அளவில் புலவர் நிறுத்திவிடுகிறார்; சிங்காரம் எழுதியது அதற்குப் பின் நிகழ்வதை.