இரண்டாவது முயற்சி

'தமிழில் முதல் முறையாக' என்ற சொற்றொடருக்கு நம்மிடையே தனி மதிப்பு இருக்கிறது. புத்தக அட்டையிலோ, சினிமா சுவரொட்டியிலோ, மேடைப் பேச்சிலோ அது வந்துவிட்டால் ஒரு கணம் மரியாதையோடு நின்றுவிடுகிறோம். முதல் முறையாகச் செய்த காரியம் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று விசாரிப்பது ஏதோ நாகரிகக் குறைவு என்று ஆகிவிட்டது. விசாரித்தால், "முயற்சியையாவது பாராட்ட வேண்டாமா?" என்ற பதில் தயாராக வருகிறது. விமரிசனத்தின் வாயை அடைக்க இதைவிட வசதியான பதில் கிடையாது. இதனால் யாருக்கும் நன்மை இல்லை என்பது என் அபிப்பிராயம். முயற்சி செய்தவருக்குக்கூட இல்லை.

பெரிய ஆசையோடும், உண்மையிலேயே புதிதான ஓர் எண்ணத்தோடும் தொடங்கி, கடைசியில் தோற்றுப்போன படைப்புகளை எப்படி மதிப்பிடுவது? இதைக் கணினி விளையாட்டுகளையும், அவற்றுக்கு நெருங்கிய உறவான ஒரு தமிழ்ப் படத்தையும் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இல்லாத ஓர் உலகத்தை உண்டாக்கி, அதற்குள் ஓர் ஆளை நடமாட விடுவதுதான் என் தொழிலும். தச்சன் கொல்லன் பட்டறையை எட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் என் ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் நெய்வேலியில் வசிக்கிறேன். இங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்பது 1930-களிலேயே தெரியும். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்த கதையை இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஆனால் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது 1957 மே மாதத்தில். நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். அனல்மின் நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியானது 1962-ல். நிலக்கரி இருப்பது தெரிந்திருந்தும் ஏன் இத்தனை காலம்? பணம், யுத்தம், அரசாங்கம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் பூமி சொன்ன காரணம் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு மேல் நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள மண்ணை அப்படியே அள்ளிவிட்டால், அடித்தளத்தைப் பிளந்துகொண்டு வந்து குழியை நிரப்பிவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். மேலே கிடந்த கடலூர் மணற்கல்லோ, ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத இயந்திரங்களின் பற்களையே தேய்த்தது. வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் வெட்ட முடிந்தது. இந்தக் காரியத்துக்காக நிலத்தை விட்டுப்போன கிராமங்களின் கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது. அதை இங்கே எடுக்கவில்லை.

புதிய எண்ணம் என்பது பூமிக்குள் கிடக்கும் இந்த நிலக்கரி மாதிரி. கண்டவனை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமென்றால் யாராவது தண்ணீரை இறைத்தாக வேண்டும். ஒவ்வொரு புது எண்ணத்துக்கும் அடியில் அதற்கே உரிய தண்ணீர் ஒன்று இருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் விமரிசகனின் வேலை.

2014 மே 23-ஆம் தேதி 'கோச்சடையான்' வெளிவந்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய முதல் படம். எழுதியவர் கே. எஸ். ரவிகுமார், இசை ஏ. ஆர். ரஹ்மான். நடிகர்களின் உடம்பில் அடையாளக் குறிகளைப் பொருத்தி, அவர்களுடைய அசைவுகளைக் கணினியில் பதிவு செய்து, அந்த அசைவுகளைக் கணினியில் வரைந்த உருவங்களுக்கு ஏற்றுவது படத்தின் உத்தி. 'அவதார்' 2009-லும், 'டின்டின்' 2011-லும் வந்துவிட்டன. ஆகவே உலகத்துக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே, ஒரு முழு நீளப் படத்துக்கு, அது புதிதுதான். பாராட்ட வேண்டிய துணிச்சலும்தான். 2009-ல் காலமான நாகேஷையும் இந்த உத்தியின் உதவியால் திரையில் மறுபடி நடமாட விட்டார்கள்.

"வீடியோ கேம் மாதிரி இருக்கிறது" என்று பார்த்தவர்கள் பலர் அப்போது குறை சொன்னார்கள். நல்ல வீடியோ கேம்களுக்கு இது அநியாயம். அதோடு, குறை எங்கே இருக்கிறது என்பதையும் இந்த வார்த்தை காட்டவில்லை.

கதையைப் பாருங்கள். கோட்டைப்பட்டினத்துத் தளபதி கோச்சடையான். எதிரி நாட்டார் உணவில் விஷம் கலந்துவிட, அவனுடைய படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகக் கிடக்கிறார்கள். மருந்து எதிரியிடம்தான் இருக்கிறது. வீரர்களை அடிமைகளாக விட்டுப் போனால் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்கிறான் எதிரி அரசன். கோச்சடையான் சம்மதிக்கிறான். பின்னால் வந்து மீட்டுக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். ஊர் திரும்பியதும், சொந்த அரசனே அவனைத் துரோகி என்று கொன்றுவிடுகிறான். பழியைத் துடைக்க மகன் கிளம்புகிறான். எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடிய சந்தர்ப்பம் இது. தன்னை நம்பி வந்தவர்களை உயிரோடு வைப்பதற்காக அடிமைப்படுத்திவிட்டுக் கப்பல் ஏறும் ஒரு மனிதன். அவன் திரும்பிப் பார்ப்பானா? பார்த்தால் அந்த முகத்தில் என்ன இருக்கும்?

அந்த முகத்தைத்தான் இந்த உத்தியால் தர முடியவில்லை. குதிரை ஓடுகிறது, வாள் சுழல்கிறது, தாண்டவக் காட்சியில் உடம்பு வளைந்து நிமிர்கிறது. இவையெல்லாம் சுமாராகவாவது நிற்கின்றன. ஆனால் கண் பார்ப்பதில்லை. உதடு பேசுகிறது, கன்னம் அதைக் கேட்பதில்லை. ரஜினிகாந்தின் நடிப்பில் விசேஷம் என்ன? வேகம், திடீரென்று ஒரு திரும்பல், அந்தத் திரும்பலின் கடைசியில் கண்ணில் வரும் ஒரு சின்ன மினுக்கு. கருவி திரும்பலைப் பிடித்துக்கொண்டு மினுக்கை விட்டுவிட்டது. முகத்தை நம்பி நிற்கும் ஒரு கதையை, முகத்தில் வலுவில்லாத ஓர் உத்தியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். தண்ணீர் அங்கேதான் இருந்தது.

முகம் அசையாவிட்டால் கலை இல்லையா என்று கேட்கலாம். தோல்பாவைக் கூத்தில் பாவையின் முகம் அசைந்ததே இல்லை. இராவணனுக்கும் ஒரே முகம், சீதைக்கும் ஒரே முகம். விளக்கொளியில் பாவை நடுங்கும், திரைக்குப் பின்னால் ஒருவர் குரல் அழும், நாமும் அழுவோம். ஏனென்றால் அந்தக் கலை தன்னால் எது முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு, அதைக் குரலிடம் கொடுத்துவிட்டது. 'கோச்சடையான்' புகைப்படம் போன்ற தத்ரூபம் என்று பறைசாற்றிக்கொண்டு வந்தது. அப்படிச் சொன்ன நிமிஷத்திலேயே ஒவ்வொரு ரசிகனும் கண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். பாவை என்று ஒப்புக்கொண்டிருந்தால் மன்னித்திருப்பான். மனிதன் என்று சொன்னதால் மன்னிக்கவில்லை.

எங்கள் வட்டத்து இளைஞர் ஒருவர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வெளியூரில் விளையாட்டுகள் உருவாக்கும் வேலை பார்க்கிறார். இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டுவிட்டு, "முதல்ல செய்யறவங்க தோக்கத்தான் செய்வாங்க சார். தோல்வியிலேருந்துதானே அடுத்தது வருது?" என்றார். வாஸ்தவம். ஆனால் எல்லாத் தோல்வியிலிருந்தும் அடுத்தது வருவதில்லை. அவருடைய துறையிலிருந்தே இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

1998-ல் 'டிரஸ்பாஸர்' என்று ஒரு விளையாட்டு வந்தது. 'ஜுராசிக் பார்க்' படங்களின் கதையை ஒட்டியது. விமானம் விழுந்து, டைனோசர்கள் வாழும் தீவில் தனியாக மாட்டிக்கொண்ட ஆன் என்ற பெண்ணின் நிலையில் நாம் விளையாட வேண்டும். அந்தக் காலத்து விளையாட்டுகளில் உயிர் எவ்வளவு, குண்டு எத்தனை என்று திரையின் ஓரத்தில் எண்கள் இருக்கும். இதில் ஓர் எண்கூடக் கிடையாது. உயிர் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் அவள் குனிந்து, தன் மார்பில் பச்சை குத்தியிருக்கும் இதயத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை குண்டு மிச்சம் என்பதை அவளே முணுமுணுப்பாள். பெட்டிக்கு எடை உண்டு. தள்ளினால் உருளும், அடுக்கினால் சரியும். கையை நீட்டுவது, மணிக்கட்டைத் திருப்புவது, பொருளைப் பிடிப்பது எல்லாம் சுட்டெலியால் நாமே செய்ய வேண்டும். மிருகங்களுக்குப் பசி, பயம், கோபம் என்று தனித்தனி மனநிலைகள் வைக்கத் திட்டமிட்டார்கள். மேல்பூச்சு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓர் உடம்புக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்ற ஒரே எண்ணம், அடிமுதல் நுனிவரை.

விளையாட்டு படுதோல்வி. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். நண்பன் ஒருவனின் குவார்ட்டர்ஸில் அதை ஓட்டிப் பார்த்தோம். கை ரப்பர் குழாய் மாதிரி வளைந்தது. துப்பாக்கி சுவரில் பட்டால் நழுவி விழுந்தது. ஒரு பெட்டியை இன்னொரு பெட்டிமேல் வைக்கக் கால் மணி நேரம். மிருகங்களின் மனநிலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில் கடைசியில் கோபம் ஒன்றுதான் மிஞ்சியது. அன்றைய கணினிகளால் அதன் பாரத்தைத் தாங்க முடியவில்லை. நண்பன் மறுநாளே அதை அழித்துவிட்டான்.

ஆனால் பாருங்கள், எது தோற்றது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. பொருளுக்கு எடை இருந்தால் உலகம் நம்பும்படி ஆகிறது, அது ஜெயித்தது. ஒவ்வொரு விரலையும் ஆட்டு என்று விளையாடுகிறவனிடம் சொன்னது தோற்றது. 2004-ல் வேறொரு நிறுவனத்திலிருந்து 'ஹாஃப் லைஃப் 2' வந்தது. அதிலும் பொருளுக்கு எடை உண்டு. கையை மட்டும் எடுத்துவிட்டு, பொருளைத் தூரத்திலிருந்தே இழுத்து வீசியெறியும் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இரண்டே பொத்தான். உலகமே கொண்டாடியது. முதல் விளையாட்டு விட்டுப்போன குழியில் இரண்டாவது விளையாட்டு தண்ணீர் இறைத்தது என்று சொல்லலாம்.

மற்றது 'நோ மேன்ஸ் ஸ்கை'. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சின்னக் குழு, 2016 ஆகஸ்டில் வெளியிட்டது. கணித சூத்திரத்தால் தானே முளைக்கும் கிரகங்கள், கோடி கோடியாக. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் பறந்தாலும் நூலளவுகூடப் பார்த்து முடிக்க முடியாத அண்டம். வெளிவந்த பிறகு பார்த்தால், நூறாவது கிரகத்தில் பத்தாவது கிரகமே வேறு நிறத்தில் நிற்கிறது. ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்று ஆசை காட்டியிருந்தார்கள்; சந்திக்க முடியவில்லை. ஏமாந்த ஜனங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எண்ணிக்கை வேறு, விதம் வேறு என்பது அந்த எண்ணத்தின் அடியில் இருந்த தண்ணீர்.

குழு கடையை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அதிகம் பேசாமல் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே முதல் பெரிய திருத்தம் வந்தது. 2018-ல் வந்த திருத்தத்தில், பலர் சேர்ந்து விளையாடுவது உண்மையாகவே நடந்தது. பிறகும் ஆண்டுதோறும் திருத்தங்கள், தனிக் காசு வாங்காமல். திட்டியவர்களே மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். இங்கே முதல் முயற்சியும் இரண்டாவது முயற்சியும் ஒரே ஆளுடையவை.

'கோச்சடையான்' அடுத்த பாகத்துக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு முடிகிறது. அடுத்த பாகம் வரவில்லை. அதைவிட வருத்தம், அதே உத்தியை எடுத்துக்கொண்டு, 'முகம் நம்மால் முடியாது, ஆகவே முகத்தை நம்பாத ஒரு கதையைச் சொல்வோம்' என்று இன்னொருவர் கிளம்பி வராதது. உழைத்தவர்கள் கற்றது அவர்களோடு கலைந்துபோயிற்று. இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஒரு பாதி ஜனங்கள் கேலி செய்தார்கள். மறு பாதி 'முதல் முயற்சி' என்று மாலை போட்டார்கள். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு. கேலியும் மாலையும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன, விஷயத்தை முடித்துவைக்கின்றன.

நன்றாகச் செய்யப்பட்ட முதல் முயற்சிக்குக்கூட நம்மிடம் இந்த கதிதான். 1954-ல் எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்காக 'அந்த நாள்' எடுத்தார். ஒரு பாட்டு இல்லை, நடனம் இல்லை. ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை. சிவாஜி கணேசனுக்கு நல்லவன் வேஷம் இல்லை. கலை என்ற முறையில் அதில் தோல்வி எதுவும் இல்லை. கொட்டகையில்தான் கூட்டம் இல்லை. இன்றைக்கு அதைக் கொண்டாடாதவர் கிடையாது. ஆனால் பாட்டில்லாத தமிழ்ப் படம் நெடுங்காலத்துக்கு ஓர் அதிசயமாகவேதான் இருந்தது. 'முதல் முறையாக' என்று பெயர் சூட்டி அலமாரியில் வைத்துவிட்டோம். பூஜை செய்யப்படும் புஸ்தகத்தை யாரும் புரட்டிப் படிப்பதில்லை.

எழுத்திலும் இதே நிலைமை. நனவோடை உத்தியில் முதல் நாவல், ஒரே வாக்கியத்தில் முதல் சிறுகதை என்று பட்டியல் போடுகிறோம். அந்த உத்தி எந்த இடத்தில் மூச்சுத் திணறியது என்று எழுதி வைத்தால் அடுத்து எழுத வருகிற பையனுக்கு உபயோகமாக இருக்கும். பட்டியலால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. 'முதல்' என்ற இடம் ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்துகொண்டு, அவன் வேறு ஏதாவது ஒன்றில் முதலாவதாக இருக்கப் போய்விடுகிறான்.

இளைஞருக்கு நான் சொன்ன பதில் இதுதான். முதல் முயற்சி தோற்பதில் அவமானம் இல்லை. ஆனால் அதை முயற்சி என்பதற்காகப் பாராட்டாதீர்கள், பிரித்துப் பாருங்கள். அந்தப் புது எண்ணம் அந்தக் கதைக்கு ஏன் வேண்டியிருந்தது, எது நின்றது, எது விழுந்தது, விழுந்ததற்கு அடியில் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். 'டிரஸ்பாஸர்' தோற்றபோது அந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் இருந்தது. 'கோச்சடையான்' தோற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் இன்னும் கேட்கலாம், காலம் கடந்துவிடவில்லை. பதில் கிடைத்தால், நீங்கள் செய்யப்போவது இரண்டாவது முயற்சி. சுவரொட்டியில் போட்டுக்கொள்ள அதற்குப் பட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் மின்சாரம் வந்தது அந்த வகை வேலையால்தான்.