நட்டு வைத்த குச்சிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் முன் நின்றால் எல்லாரும் சிற்பத்தைப் பார்ப்பார்கள். எனக்கு மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்துப் பழைய வீட்டுத் தூண்களிலும் அடிப்பக்கத்தைத்தான் தடவுவேன். ஈரமும் காற்றும் சேரும் அங்கேதான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

அந்தப் பூஞ்சையிலிருந்து மரத்தைக் காக்க ஏற்றும் மருந்தைச் சோதிக்கும் முறை அழகானது. மருந்தேற்றிய குச்சிகளையும் ஏற்றாதவற்றையும் மண்ணில் பாதி புதைத்து, அவ்வப்போது பிடுங்கிப் பார்த்து, மறுபடி நடுவார்கள். ‘கல்லறைச் சோதனை’ என்று பெயர். அந்த வரிசையைப் பார்த்தாலே காரணம் புரியும். ஆய்வகத்தில் பூஞ்சைமேல் மரத்துண்டை வைத்து, சில வாரம் கழித்து எடை எவ்வளவு குறைந்தது என்று நிறுப்பார்கள்.

டேராடூனில் சொந்தி காமேசம் என்ற விஞ்ஞானி 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்த்து உருவாக்கிய மருந்து உலகெங்கும் கம்பங்களைக் காத்தது. ஆர்சனிக் நஞ்சென்பதால் வீட்டு மரங்களில் அதைப் பல நாடுகள் கட்டுப்படுத்தின. மாற்று மருந்துகளும் அதே மண்ணில் குச்சியாக நின்றுதான் தேறுகின்றன.