வண்டி வருமுன்

சென். ஜோன் அம்புலன்ஸ் என்ற முதலுதவித் தொண்டர் அமைப்பு இலங்கைக்கு வந்தது 1906இல். தேர், திருநாள், விளையாட்டுப்போட்டி என்று கூட்டம் கூடுமிடத்தில் சீருடையோடு நிற்கும் தொண்டர்கள்மேல் கொழும்பில் எவருக்கும் மரியாதை உண்டு. அதை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கேட்கலாம்: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கும்போது தொண்டர் அம்புலன்ஸ் எதற்கு?

1990 சுவசெரிய 2016 ஜூலையில் இந்திய நன்கொடையாக வந்த 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பிறகு 297 வண்டிகளாகி நாடெங்கும் விரிந்தது. காசு கேட்பதில்லை; பயிற்சி பெற்றவர் வண்டியிலேயே வருகிறார். இரவுபகல் முறைபோட்டு ஓடும் சேவையோடு லீவுநாள் தொண்டர் போட்டிபோட முடியாது. ஆகவே நன்கொடை திரட்டி இன்னொரு வண்டி வாங்குவது வீண். திறப்புவிழாவுக்கு மாலை வரும்; அடுத்த மாத டீசலுக்கும் சாரதி சம்பளத்துக்கும் யார் வருவார்? ஒரேயொரு விலக்கு உண்டு. 1990 அவசரத்துக்கு மட்டுமே. கிழமைக்கு இரண்டு, மூன்று தரம் டயலிசிஸுக்குப் போகும் படுக்கை நோயாளியை அது ஏற்றாது. அந்த வேலைக்கென்றால் வண்டி வாங்கட்டும்.

இனி உயிர் பிழைக்கும் கணக்கு. இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதடையத் தொடங்கும். பின்னேரக் காலி வீதி நெரிசலைத் தாண்டி, வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடிக்கு அதற்குள் எந்த வண்டியும் ஏறிவராது. அங்கே வேண்டியது நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தத் தெரிந்த பக்கத்துவீட்டுக்காரர், அல்லது வாசல் செக்யூரிட்டி ஐயா. பெரிய அனர்த்தத்திலும் இதே கணக்குத்தான். 2019 ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. அப்படியொரு காலையில் எத்தனை வண்டி இருந்தாலும் போதாது. இரத்தத்தை அழுத்தி நிறுத்தத் தெரிந்த கைகள் அந்த இடத்திலேயே இருக்கவேண்டும்.

ஆக, தொண்டர் சேவையின் பெறுமதி அதன் முதலுதவி வகுப்பில்தான் இருக்கிறது. அங்கும் எனக்கு ஓர் ஆட்சேபம். நெஞ்சழுத்தும் பழக்கம் சில மாதங்களிலேயே கைவிட்டுப் போய்விடும். ஒருநாள் வகுப்பும் சட்டம்போட்ட சான்றிதழும் சுவருக்குத்தான் அழகு. கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரரும் வெள்ளவத்தைக் கடைப்பெடியனும் ஆறு மாதத்துக்கொருமுறை, தமிழில், பொம்மைமேல் மறுபடி அழுத்திப் பழகினார்களா? அப்படிப் பழகியவர்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டும் சங்கத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். வண்டிப் படத்தோடு பற்றுச்சீட்டுப் புத்தகம் நீட்டுபவருக்கு நான் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன்.