பூட்டரின் சிரிப்பு

நகைச்சுவைப் புதினம் என்றாலே பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் வழக்கம் தமிழாசிரியராகிய நம்மிடையே உண்டு. அதிலும் கதைத்தலைவன் சாதாரண அலுவலகப் பணியாளனாக இருந்துவிட்டால், ஆய்வதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்போர் பலர். அவர்களுக்கு நான் காட்டுவது ‘தி டைரி ஆஃப் எ நோபடி’ என்னும் ஆங்கிலச் சிறுநூல். ஜார்ஜ் கிராஸ்மித், வீடன் கிராஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவர் எழுதிய இந்நூல், 1888, 1889ஆம் ஆண்டுகளில் ‘பஞ்ச்’ இதழில் தொடராக வந்து, 1892இல் நூலுருப் பெற்றது.

நாட்குறிப்பை எழுதுபவர் சார்லஸ் பூட்டர். இலண்டன் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் உழைத்துவரும் எழுத்தர். நம் நாட்டுப் பேச்சில் சொன்னால் ஒரு கிராணி. வாடகை வீட்டுத் தோட்டத்தை அடுத்தே இருப்புப்பாதை செல்கிறது. அதன் பொருட்டு வாடகையில் 2 பவுன் தள்ளுபடி. பெயர் தெரியாத எத்தனையோ பேர் நினைவுக் குறிப்புகளை வெளியிடும்போது தாம் வெளியிட்டால் என்ன என்று முன்னுரையில் கேட்கிறார். நியாயமான கேள்விதான்!

நகை பிறக்கும் களங்களுள் எள்ளலையும் பேதைமையையும் வைத்தார் தொல்காப்பியர். பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுவதும் என எள்ளலை இரண்டாக்கிக் காட்டுவது பேராசிரியர் உரை. பூட்டரைப் படிக்கும்போது இவ்வுரை எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

எனாமல் சாயம் வாங்கிவந்தவர் பூந்தொட்டி முதல் ஷேக்ஸ்பியர் நூல்களின் அட்டை வரை சிவப்பாக்குகிறார். குளியல் தொட்டியையும் விடவில்லை. பிறகு வெந்நீரில் அமர்ந்தவர், கரைந்த சாயத்தைக் கண்டு நாளம் வெடித்துக் குருதி கொட்டுவதாக நடுங்குகிறார். இது வெறும் பேதைமை, குழந்தையும் சிரிக்கும். நகரத் தலைவர் மாளிகை விருந்துக்குச் சென்றவர் பட்டியலில் தம் பெயர் விடுபட்டதற்காகச் செய்தித்தாளுக்கு எழுதுகிறாரே, அங்கே சிரிப்பு மாறுகிறது. திருத்தம் வெளிவருகிறது, பெயரோ பிழையாக அச்சாகியிருக்கிறது! ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் இப்பகுதிக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஐம்பதைக் கடந்து படித்தபோது அவ்வாறு சிரிக்க இயலவில்லை. மலரில் பெயர் விடுபட்டதற்கு வருந்தாதவர் நம்முள் எத்தனை பேர்?

இதனினும் கூரியது மகன் லூப்பின் பகுதி. இருபத்தோராண்டு உழைப்புக்குப் பரிசாக, ஆண்டுக்கு 100 பவுன் ஊதிய உயர்வு பெற்று மகிழ்ந்து வருகிறார் தந்தை. அதே வேளையில், பங்கு வாணிகத்தில் எளிதாகப் பெரும்பொருள் ஈட்டியதைச் சொல்லி அம்மகிழ்ச்சியைச் சிறிதாக்கிவிடுகிறான் மகன். ஆசிரியர்கள் யாரையும் கண்டிப்பதில்லை. அவ்வடக்கமே நூலின் வலிமை. முதலாளி வீட்டையே விலைக்கு வாங்கிப் பூட்டருக்குப் பரிசளிக்கும் முடிவு மட்டும் எனக்கு உவப்பாக இல்லை. வலிந்து தந்த இனிப்பு அது.

உழைப்பாளரை மேல்தட்டார் எள்ளும் நூல் இது என்போரும் உளர். முழுதும் மறுப்பதற்கில்லை. ஆயினும் பூட்டருக்கென ஒரு சிரிப்பு உண்டு; அவர் சிலேடைப் பித்தர். சட்டைகள் நைந்துபோனதாக மனைவி கேரி கவலையுடன் சொல்ல, நைதலுக்கும் அஞ்சுதலுக்கும் ஆங்கிலத்தில் உள்ள ஒலியொப்புமையை வைத்து விடை சொல்கிறார். காளமேகம் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் கணவனும் மனைவியும் சிரிப்பை நிறுத்த முடியாமல் தவிக்கின்றனர். வண்டியோட்டியிடமும் அதைச் சொல்லி மகிழ்கிறார் பூட்டர். அவன் இருக்கையிலிருந்து உருண்டுவிடுவான் போலிருந்ததாம். அலுவலகத்திலும் அன்று நைந்த சட்டைக்காக எல்லோரும் சிரித்தார்கள். அவரும் உடன் சிரித்தார்.