நாற்பது வேலி நெல் யார் களத்துக்குப் போச்சு?

திருவக்கரையில் பௌர்ணமி ராத்திரி என்றால் கூட்டம் தாங்காது. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று மூணு பக்கமும் பஸ் வந்து நிற்கும். எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வக்கிரகாளியைப் பார்க்க வரிசை நீளும். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், என் அம்மாவும் நின்றிருக்கிறாள். நீ யாரு, எந்தத் தெரு என்று எங்களை யாரும் கேட்டதில்லை. விடிந்தால் அதே அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கல்குவாரிக்குப் போவாள். ஜல்லி உடைத்து உடைத்து அவள் விரல் மடங்காமல் போச்சு. காளியைப் பார்க்கிற உரிமை அவளுக்கு இருந்தது. உட்கார்ந்து சாப்பிட ஒரு குழி நிலம் இல்லை.

இந்த ரெண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு வெகுநாள் ஆச்சு. யோசிக்க வைத்தது ஒரு கிழவி.

2023 ஏப்ரல் 7 அன்று எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் பிள்ளைகளை அடித்தார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் காலனியில் ஒரு கூட்டம் போட்டோம். கூட்டம் ரெண்டாகப் பிரிந்தது. இளவட்டங்கள், "வண்டி பிடிச்சி மேல்பாதிக்குப் போவோம்" என்றார்கள். சங்கத்தில் பல வருஷம் கொடி பிடித்த சித்தப்பா ஒருவர், "கோயிலு என்னாத்துக்குடா? மொதல்ல கூலி, அப்புறம் பட்டா. சாமி கும்புட்டா சோறு வருமா?" என்றார். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் நந்தனாரை இழுத்தேன். தில்லைக்குப் போக ஏங்கியவனை நெருப்பில் இறக்கினார்கள், இன்றைக்கும் நடப்பது அதுதான் என்று வாய் வலிக்கப் பேசினேன்.

கடைசியில் மூலையில் உட்கார்ந்திருந்த ஆயா கேட்டது: "எல்லாஞ் சரி தம்பி. நானுந்தான் டெண்டுக் கொட்டாயில நந்தனார் படம் பாத்தேன். ராத்திரியோட ராத்திரியா சாமி வந்து நாப்பது வேலிய வெளைய வெச்சிட்டுப் போச்சே, அந்த நெல்ல யாருடா தூக்கிட்டுப் போனது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நந்தனைப் பாடமாகப் படித்தேன், பரீட்சை எழுதினேன், மேடையில் பேசினேன். இந்தக் கேள்வியை எந்த வாத்தியாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து திரும்பப் படித்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் ஆண்டையே கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் இருக்கிற நந்தனுக்கு, ஊர்த்தொழிலுக்காக விட்ட பறைத்துடைவை நிலம்தான் சோறு. கோயில் முரசுக்குத் தோல் கொடுக்கிறான், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறான். அவன் தோல் உள்ளே போகிறது, அவன் வெளியே நிற்கிறான். கோயிலுக்கும் சேரிக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதைச் சேக்கிழாரே மறைக்கவில்லை.

1860களில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வேதியர் என்கிற ஆண்டை வருகிறார். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லைக்குப் போக அவனுக்குத் தேவைப்படுவது பக்தி இல்லை, அது அவனிடம் நிறைய இருக்கிறது. தேவைப்படுவது உத்தரவு. ஆண்டை போடுகிற நிபந்தனை, நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை முடித்துவிட்டுப் போ என்பது. தஞ்சைப் பக்கத்துப் பண்ணையாள் முறையைக் கண்ணால் பார்த்தவர் பாரதி. அதனால் கதைக்குள் நிலத்தைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர், கூலித் தகராறைச் சிவனிடம் ஒப்படைத்துவிட்டார். ஒரே ராத்திரியில் நெல் விளைந்து நிற்கிறது. ஆண்டை நந்தன் காலில் விழுகிறார், உத்தரவு கிடைக்கிறது. நந்தன் தில்லைக்குப் போகிறான். நெல் ஆண்டை களத்துக்குப் போகிறது.

ஆயா கேள்விக்குப் பதில் இதுதான். அற்புதம் நடந்தது நந்தனுக்காக, லாபம் அடைந்தது ஆண்டை. சேரிக்கு ஒரு மரக்கால் நெல் வந்ததாகப் பேச்சே இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்கத் தயங்கிய கதையை உ.வே.சா. எழுதியிருக்கிறார். தயக்கத்துக்குக் காரணம் இலக்கணப் பிழை. புலவர்கள் இலக்கணத்தில் பிழை பார்த்தார்கள், கணக்கில் பிழை இருப்பதை யாரும் பார்க்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டு அரிசன இயக்கம் முழுக்க இந்தக் கதையின் அச்சில் வார்த்ததுதான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது. 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். இரண்டுக்கும் நடுவில்தான் கோயில் நுழைவு அரசியல் சூடு பிடித்தது. நந்தனிடமிருந்து காங்கிரஸ் தில்லையை எடுத்துக்கொண்டது, நாற்பது வேலியை விட்டுவிட்டது.

அன்றைக்கே இதைக் கண்டவர் அம்பேத்கர். 1933 பிப்ரவரியில் ரங்க ஐயரின் கோயில் நுழைவு மசோதாவுக்கு ஆதரவு கேட்டபோது அவர் மறுத்தார். பெரும்பான்மை ஓட்டுக்குத் தீண்டாமையை விடுகிறது அந்த மசோதா, தீண்டாமை பாவம் என்றுகூட அது சொல்லவில்லை என்றார். நம் மக்கள் மேலே வருவதற்கு வழி உயர்கல்வியும் நல்ல உத்தியோகமும் மேலான பிழைப்பும்தான் என்றார். கோயிலே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. 1930இல் நாசிக் காலாராம் கோயில் சத்தியாகிரகத்தைத் தொடங்கியவரே அவர்தான். கதவைத் திறந்துவிட்டு சதுர்வருணத்தை அப்படியே வைத்திருப்பது என்ன நியாயம் என்று கேட்டார்.

காங்கிரசை நம்பிய எம்.சி. ராஜாவுக்கு என்ன நடந்தது? 1938இல் சென்னை சட்டசபையில் அவரே கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். முதலமைச்சர் ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார், ஓட்டெடுப்பில் காங்கிரஸ் அதைத் தோற்கடித்தது. பிறகு மலபாருக்கு மட்டும் ராஜாஜி தானே ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் ஆட்களை அழைத்துப்போனதும், அனுமதித்த தர்மகர்த்தாக்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. கதவு திறக்கலாம், ஆனால் அதை நம் கை திறக்கக் கூடாது. சனாதனியும் கோபித்துக்கொள்ளக் கூடாது, மிராசுதாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரெண்டு பேரும் பல ஊரில் ஒரே ஆள்தான்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர் ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்துப் பிரதமர். கை சுத்தமான மனிதர், பழுத்த ஆன்மீகவாதி. எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றிக் குறை சொல்லி எழுதினால் சண்டைக்கு வருவார்கள். நான் குறை சொல்ல வரவில்லை. அவர் காலத்துச் சட்டங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறேன். 1947இல் மாகாணம் முழுவதற்கும் கோயில் நுழைவுச் சட்டம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். முதல் சட்டம் நமக்கு. இரண்டாவது, ஜமீனில் உழுத குடியானவனுக்கு ரயத்துவாரி பட்டா கொடுத்த சட்டம். அந்தக் குடியானவனிடம் கூலிக்குப் போன நம் ஆளின் பேர் அதில் இல்லை. எங்கள் தென்னாற்காடு பெரும்பாலும் ஏற்கெனவே ரயத்துவாரி என்பதால், ஜமீன் ஒழிந்த சத்தம்கூட எங்கள் சேரிக்குக் கேட்கவில்லை. ஒரே ஆட்சி, ஒரே நேர்மை. நமக்குத் தரிசனம் வந்தது, அவர்களுக்குப் பட்டா வந்தது. நல்லவர்கள் ஆண்டாலும் இயக்கத்தின் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. மதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நிலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சித்தப்பா சொன்னது சரியா? முதலில் கூலி, பட்டா, கோயில் பிறகு? இங்கேதான் தோழர்களோடு எனக்குச் சண்டை. இந்து அறநிலையத்துறையின் கீழ் இருக்கிற கோயில் நிலம் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர். 1961ஆம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டத்தில் பொது மத அறக்கட்டளை நிலத்துக்கு விலக்கு. இந்த நாட்டில் சாமிதான் பெரிய மிராசு. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது யார், அறங்காவலர் குழுவில் உட்காருவது யார், திருவிழாவில் மண்டகப்படி யாருக்கு, கோயில் முன்னால் கூடுகிற பஞ்சாயத்தில் கூலியைப் பேசி முடிப்பது யார்? கோயிலைச் சாமி விஷயம் என்று ஒதுக்கிவிட்டு நிலத்தைப் பேசினால், நிலத்தில் ஒரு பெரிய பங்கைப் பேசாமல் விட்டதாகிவிடும்.

இது நான் புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் தேர் நம் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள். சாமி கேட்ட குத்தத்துக்கு மறுநாளே களையெடுப்புக்கு ஆள் வேண்டாம் என்றான் ஊர்க்காரன். கடையில் கடன் நிறுத்தினான், மாட்டை வாய்க்கால் ஓரம் விடாதே என்றான். கேட்டது தேர், தண்டனை வயிற்றில். சாமிக்கும் சோற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று நம் தோழருக்குத்தான் தோன்றுகிறது. ஊர்க்காரனுக்கு அது தெளிவாகத் தெரியும்.

காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கருக்குத் தளபதியாக நின்றவர் தாதாசாகேப் கெய்க்வாட். அதே கெய்க்வாட் 1959இலும் 1964இலும் மகாராஷ்டிரத்தில் நிலம் கேட்டு சத்தியாகிரகம் நடத்தினார். லட்சக்கணக்கில் ஜெயிலுக்குப் போனார்கள். ஒரே மனுஷன் கோயிலையும் கேட்டார், நிலத்தையும் கேட்டார். நிலம் கேட்டபோது குடியரசுக் கட்சிக்குள்ளேயே பி.சி. காம்ப்ளே பக்கத்துப் படித்தவர்கள், இது கம்யூனிஸ்ட் வேலை என்று பிரிந்து போனார்கள். படித்தவனாகிய நான் இதை எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நமக்கு நிலம் கேட்க ஆதாரம் இல்லையா? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. அந்த வழியில் வந்ததுதான் பஞ்சமி நிலம். நம் ஆளைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் யார் கையிலோ இருக்கிறது. காரணையில் அதை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். கோயிலுக்குப் போனவனுக்கு அடி விழுந்தது, நிலம் கேட்டவன் மேல் குண்டு பாய்ந்தது. எது அவர்களுக்கு அதிகம் வலிக்கிறது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

மேல்பாதிக் கோயில் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச் 22 அன்று பூசைக்கு மட்டும் திறந்தது. 2025 ஏப்ரல் 17 அன்று போலீஸ் காவலில் நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சாமி நம்பிக்கை இல்லாதவன்தான் நான். ஆனாலும் ரெண்டு வருஷம் விடாமல் நின்ற அந்த ஜனங்களைச் சும்மா பக்திப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் கேட்டது சாமியை மட்டுமல்ல, இந்த ஊர் எனக்கும் ஊர்தான் என்பதை. அதைக் கேட்டுவிட்டவன் அடுத்து ஏரி மீன் குத்தகையைக் கேட்பான், புறம்போக்கைக் கேட்பான். கேட்க வேண்டும். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் நந்தன் கதை மறுபடியும் ஒருமுறை நடந்ததாக ஆகும்.

அதனால் எங்கள் காலனியில் இப்போது ஒரே தாளில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், யார் அனுபவத்தில் இருக்கிறது; கோயில் நிலம் எத்தனை ஏக்கர், குத்தகைக்காரர் யார், பாக்கி எவ்வளவு. ரெண்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இளவட்டங்கள் கோயில் கணக்கு என்று பேர் வைத்திருக்கிறார்கள், சித்தப்பா நிலக் கணக்கு என்கிறார். ரெண்டு பேரும் ஒரே தாளில்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆயா கைநாட்டு வைத்தது. மை துடைத்துக்கொண்டே, "நாப்பது வேலியையும் இதுல எழுதிட்டியா தம்பி?" என்று கேட்டது. எழுதவில்லை ஆயா, ஆதனூர் இந்தப் பக்கம் இல்லை என்றேன். "எந்தப் பக்கமா இருந்தா என்னா, நெல்லு நம்புளுது இல்ல?" என்றது.